சிமல்கோட்டுக்கு ஒரு தோள் குறைகிறது

இன்று ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் சதேஸ்வரி தேவியைச் சந்தித்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக வந்து என் தோளை அமுக்கிப் பார்த்தார்.

"தம்பி, சுமை தூக்கிப் பழக்கமுண்டா?"

"கேமரா பை தூக்குவேன்."

"அட, அவ்ளோ கஷ்டப்படுறியா?"

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வடக்கே இந்தப் பௌரி மலையில் ஜீப் இந்தக் கடையோடு நின்றுவிடும். அவர் ஊர் சிமல்கோட் இதற்கு மேலே, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில். அங்கே யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் நாற்காலியை இரண்டு கழிகளில் கட்டி, நான்கு பேர் தோள் கொடுத்து இறக்க வேண்டும். மேட்டில் நின்று ஒருவர் குரல் கொடுத்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு அது. ஆனால் இப்போது வீடுகளில் பூட்டுதான் தொங்குகிறது. எல்லாரும் டெல்லி, டேராடூன் என்று போய்விட்டார்கள். தோள் கொடுக்கத் தெம்புள்ள ஆண்கள் மூன்றே பேர்.

சதேஸ்வரியின் மருமகள் தீபாவுக்கு இது நிறைமாதம். மகன் குருகிராமில் ஓர் ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறான், லீவு கிடைக்கவில்லை. போன வாரம் சதேஸ்வரியே தீபாவை மெல்ல நடத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இன்னும் நாளிருக்கிறது, வலி வந்தால் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்க வைக்கக் கீழே சொந்தமென்று யாருமில்லை. அதனால் தினமும் இந்தக் கடைக்கு வந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்கிறார்.

"ரோடு கேட்டீங்களா அக்கா?"

"கேக்காம? ஆளு கம்மி, ரோடு வராதுன்னாரு ஆபீசர். ரோடு இல்லாமத்தான் ஐயா ஆளு ஓடுதுன்னேன். அவரு பாட்டுக்கு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு இறங்கிட்டாரு. நல்ல மனுசன், ஏறி வந்தாரே!"

ஊர்ச்சாமி பூஜைக்குத் திரும்பி வந்தவர்களையும் பிரசவம்வரை இருக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அதில் டேராடூனிலிருந்து வந்த ஒரு சித்தப்பா இரண்டாம் நாளே காலைச் சுளுக்கிக்கொள்ள, அவரையும் ஊர்க்காரர்களே தூக்கி இறக்கினார்களாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கூடவே ஏறினேன். ஊரில் மிச்சமிருக்கும் மூவரில் ஒருவரான தர்பான் சிங் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். மற்ற இருவரும் வந்தார்கள். நாற்காலியில் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்துக் கட்டி ஒத்திகை பார்த்தோம். தீபா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வளைவைத்தான் தாண்டினேன். கால் வழுக்கியது. என் பக்கக் கழி சரிய, மூட்டை வாய் பிரிந்து கிழங்கெல்லாம் பள்ளத்தில் உருண்டது.

"பரவால்ல தம்பி," என்றார் தர்பான் சிங். "கிழங்குக்கு வலிக்காது."

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலேயே வந்திருந்த தீபாதான் பேசினாள்.

"அத்தை, நான் நடந்தே இறங்கிடறேன்."

"வாயை மூடு!" சதேஸ்வரியின் குரல் உடைந்தது. "நெஞ்சு வலியோட உன் மாமனாரும் இதைத்தான் சொன்னாரு. மூணு பேருதானே இருக்கீங்க, நடந்துடறேன்னாரு. பாதி வழியில இருக்குற ஓடையைக்கூட உசுரோட தாண்டல."

அப்புறம் குனிந்து, கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். தலைநிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதை அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து பகிருங்கள், சிமல்கோட்டை விட்டுப் போனவர்கள் கண்ணில் படும்வரை. காசோ புடவையோ வேண்டாம். மலையில் பாரம் தூக்கிப் பழகிய ஓர் ஆள் வந்து, குழந்தை பிறக்கும்வரை இங்கே தங்கினால் போதும். படுக்க இடமும் கேழ்வரகு ரொட்டியும் உண்டு. டீக்கடையில் சதேஸ்வரி என்று கேளுங்கள். நாளைக்கே ஏறி வாருங்கள். தீபாவுக்கு மதியத்திலிருந்து இடுப்பு வலிக்கிறதாம்.