நூறைத் தாண்டிய முகக்கவசக் கணக்கு

1. கூட்டல்

கொரோனா சமயத்தில் எனக்குக் கொடுத்த வேலை இது. எந்தெந்த ஊராட்சியில் முகக்கவசம் கட்டாயம் என்று உத்தரவு இருக்கிறது, அந்த உத்தரவுக்குள் எத்தனை சதவீத மக்கள் வருகிறார்கள் என்று வட்டாரவாரியாகக் கணக்கிட வேண்டும். ‘கவரேஜ்’ என்பார்கள். உத்தரவு உள்ள ஊர்களின் மக்கள்தொகையைக் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் வந்துவிடும். உத்தரவு போட்ட ஊராட்சிதான் தன் ஜனங்களுக்கு இலவச மாஸ்க்கும் கொடுக்க வேண்டும். யார் முகத்தில் மாஸ்க் இருக்கிறது என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. இதைப் பாளையங்கோட்டை அலுவலகத்தில் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு வட்டாரத்துக்குக் கவரேஜ் நூறைத் தாண்டியது. தேடிப் பார்த்தால், வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு சின்ன ஊர். நிலம் ஒரு ஊராட்சியில், ஓட்டும் ரேஷனும் இன்னொன்றில். இரண்டு செயலர்களும் அந்த ஊர் ஜனங்களைத் தங்கள் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

“அங்கன மாஸ்க் குடுத்தாச்சா?” என்று இருவருக்கும் போன் போட்டேன்.

“அவங்களுக்கு ரேஷன் அந்த ஊராட்சியிலல்லா சார்? அவங்கதான் குடுக்கணும்” என்றார் முதலாமவர்.

“நிலம் பூரா அவங்க எல்லைல கெடக்கு. நாங்க எதுக்குக் குடுக்கணும்?” என்றார் மற்றவர்.

தலையை எண்ணும்போது இருவருக்கும் சொந்தமாம், துணி கொடுக்கும்போது யாருக்கும் இல்லையாம். நல்லா இருக்கு நியாயம்!

2. அக்கரை

நேரிலேயே போனேன். அந்த ஊரில் நடவு வேலைக்குப் போகும் பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் கால் முறிந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் பஸ்ஸில் கஞ்சி கொண்டுபோக வேண்டும்.

“முந்தானைய வச்சு மூடிக்கிட்டுத்தான் ஏறுனேன்யா. ‘இது செல்லாது, எறங்கு’ன்னுட்டான் கண்டக்டர். நடந்து போய்ச் சேருததுக்குள்ள உள்ள விடுத நேரம் முடிஞ்சிட்டு. அந்த மனுசன் பட்டினியால்லா கெடந்தாரு!”

மாஸ்க் வந்து சேர ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3. மூடியாச்சு

“ரெண்டு தடவை எண்ணியிருக்கு சார். ஒண்ணைக் கழிச்சாச்சு. அந்த ஊருக்கு மாஸ்க் போகலைன்னு குறிப்பு எழுதியிருக்கேன்” என்று அதிகாரியிடம் நீட்டினேன்.

“கழிச்சா எவ்வளவு வருது?”

“நூறு.”

“நூறுல்லா? அப்போ எல்லாருக்கும் மூடியாச்சு. பெறவு எதுக்கு வே அவங்களுக்கு மாஸ்க்? கொறைஞ்ச வட்டாரத்துக்கு அனுப்பும்.”

“உத்தரவுக்குள்ள இருக்காவன்னுதான் சார் அர்த்தம். மூஞ்சில துணி இருக்குன்னு இல்ல.”

“கவரேஜுன்னா கவர் பண்ணுததுதான வே? எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தாரீரா?”

என் குறிப்பை அடித்தார். அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்தேன். வேறொருவர் போட்டார். மாஸ்க் மூட்டைகள் வேறு வட்டாரத்துக்குப் போயின. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நினைத்தால் இன்றும் எரிகிறது.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளே, ‘உத்தரவுக்கு உட்பட்டோர்’ என்று முழுசாக எழுதுங்கள். இடம் போதவில்லை என்று ‘கவரேஜ்’ போடாதீர்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு ஊரையே கைகழுவி விடுவார்கள்.

மாஸ்க் வராது என்று சொல்ல நானே அக்கரைக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கஞ்சித் தூக்குடன் கிளம்பிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் நின்று கேட்டாள்.

“எங்கள ரெண்டு தடவை எண்ணுனியளாக்கும். ஒரு தடவை எண்ணிட்டு, ஒரு தடவை குடுத்திருக்கப்படாதாய்யா?”