முழங்கால் போட்டுப் பார்க்கும் பூ

சிலருக்குக் கைராசி என்பார்கள். என் கை பட்டால் செடி பட்டுப்போகும். ரயில்வே பார்சல் ஆபீஸில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற பிறகு, முதுநகர் வீட்டின் பின்னால் மாமர நிழலில் தோட்டம் போட்டேன். ரோஜா போனது. மல்லி போனது. செம்பருத்தியையே கொன்றவன் கடலூர் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"உங்க கையால பூத்த பூ ஒன்ன நான் கண்ணால பாக்கணும்ங்க. அப்புறம் எவ்ளோ வேணா பீத்திக்கங்க" என்றாள் என் மனைவி சவரிமேரி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

சிதம்பரத்திலிருந்து வந்த அவள் தம்பி லூர்துசாமி, முந்திரிக்காட்டு நிழலில் தானாக முளைக்கும் நிலப்பனைக் கிழங்கு கொடுத்தான்.

"வெயிலே வாணாம் மாமா. நீங்க சும்மா இருந்தா போதும்."

சும்மா இருப்பதில் எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு.

மழைக்குப் பனங்கன்று மாதிரி இலை விட்டது. கோடையில் காய்ந்து இருந்த இடம் தெரியாமல் போனது. தலையில் அடித்துக்கொண்டேன். 2008இல் மழை வந்ததும் மறுபடி துளிர்த்தது. ஐப்பசியில் ஒருநாள் காலை மஞ்சளாக ஒரு பூ! தெருவுக்கே கேட்கும்படி சவரிமேரியைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து நின்ற பிறகுதான் இந்த மகா புத்திசாலிக்கு உறைத்தது. பூ இலைக்கடியில், மண்ணை ஒட்டி இருந்தது. முழங்கால் போட்டால்தான் தெரியும். அவளோ மூட்டுவலியால் கோயிலில்கூட முழங்கால் போடுவதை விட்டவள்.

"பறிச்சாந்து காட்டட்டுமா?"

"நீங்க கைய வச்சா அதுவும் போயிடும். தள்ளுங்க."

மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினாள். வலியில் அவள் முகம் கோணியதை என்னால் பார்க்க முடியவில்லை. முழங்கால் போட்டு, இலையை விலக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எதற்கும் அவள் இப்படிச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. அதே வேகத்தில் அவளைத் தூக்கிவிடக் குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நானும் தரைக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தேன்.

"லூர்துவக் கூப்புடறேன். ஆனா அவன் சிதம்பரத்துலேர்ந்து வரணுமே."

"வரட்டும்" என்றாள் பூவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மெதுவாவே வரச் சொல்லுங்க."