கல்லீரல் எந்தப் பக்கம்

என் அக்காவின் கணவர் பல்கலைக்கழகத்தில் நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறு நடத்துகிறவர். வகுப்பில் எலும்புக்கூட்டைத் தவிர எல்லோரும் தன்னைக் கேள்வி கேட்பார்கள் என்று பெருமையடித்துக்கொள்வார். கொஞ்சம் உண்மையும் உண்டு.

போன வருடம் பாடங்களை வீடியோவாக எடுத்து இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். பின்னறையில் துணிக்கொடியைக் கழற்றிவிட்டு லேப்டாப் முன்னால் நின்றார். தன் வயிற்றைக் காட்டித்தான் அவருக்கு நடத்த வரும். கல்லீரலுக்கு வலது பக்கம் கை வைத்தார். திரையில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் பக்கம் மாறித் தெரிந்தது. பிள்ளைகள் குழம்பிவிடுவார்களே என்று கையை இடது பக்கம் மாற்றி, "இங்கதான் இருக்கு" என்றார். பதிவான வீடியோவிலோ எதுவும் மாறித் தெரியவில்லை. கல்லீரல் இடது பக்கமே தங்கிவிட்டது.

இந்த வருடம் வீடியோவே போதும் என்று வகுப்பை நிறுத்திவிட்டார்கள். மாணவிகள் தளத்தில் எழுதும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவதுதான் அத்தானுக்கு இப்போது வேலை. பதிலில் அவர் பெயர் வராது; "பாட உதவி" என்று மட்டும் வரும்.

மாதிரித் தேர்வில் பாதிப் பேர் இடது என்று எழுதியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இணையப் பிரிவு அதிகாரியிடம் ஓடினார்.

"அப்ரூவ் ஆன வீடியோ சார், அடுத்த வருஷம்தான் மாத்த முடியும். நீங்க கீழ ஒரு பதில் போட்டுடுங்க."

போட்டார். உடனே ஒரு மாணவி எழுதினாள்: "சார் கைய வச்சே காட்டுறாரு. அவரை விட உனக்குத் தெரியுமா?"

"நான்தான் அந்த சார்" என்று எழுதினார். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

"கைய வச்சதுதான் வச்சீங்க, வாயத் திறந்து வலதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

மாணவிகள் திங்கட்கிழமை முதல்முறையாக மருத்துவமனை வார்டுக்குப் போகவிருந்தார்கள். வலிக்கிறது என்று நோயாளி வலது பக்கத்தைத் தொட்டுக் காட்ட, இவர்கள் கல்லீரலை இடது பக்கம் தேடிக்கொண்டு நின்றால்? அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

வார்டு வாசலில் மாணவிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நேரில் குள்ளமாக இருக்கிறார் என்று ஒருத்தி வருத்தப்பட்டாள்.

"வீடியோல நான் காட்டினது தப்பு. எல்லாரும் வலது விலாவுக்குக் கீழ கை வைங்க பாப்போம். இங்கதான் கல்லீரல்."

மறுபேச்சில்லாமல் வைத்தார்கள். அத்தான் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது.

"அப்ப அந்தப் பாட உதவி சரியாத்தான் சொல்லியிருக்கு சார்" என்றாள் ஒருத்தி. "ஏதோ மெஷின்னு நெனச்சு நாந்தான் அதைத் திட்டிட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றார் அத்தான்.

எனக்குத் தாங்கவில்லை. "அது நான்தான்னு சொல்லியிருக்கலாமே அத்தான்" என்று வண்டியில் கேட்டேன்.

"சார் சொன்னாருன்னு இப்பத்தான் கைய மாத்தி வச்சிருக்காங்க. அந்தப் பாட உதவியும் நான்தான்னு தெரிஞ்சா, பழையபடி இடது பக்கம் போயிடுவாங்கப்பா."