வராதவருக்குத் தீங்கில்லை

அம்மா லிஃப்ட் பரிசோதகர். புதுக் கட்டடங்களின் லிஃப்ட்டில் மற்றவர்கள் ஏறுவதற்கு முன் அவள் ஏறிப் பார்க்க வேண்டும். கூண்டின் மேல் நின்று கயிறுகளில் டார்ச் அடிப்பாள். அடியிலுள்ள குழியில் இறங்கி எண்ணெய்க் கசிவு தேடுவாள். மணல் மூட்டைகளை ஏற்றவைத்து பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் நகத்துக் கிரீஸைச் சர்க்கரையும் சோப்பும் போட்டுத் தேய்ப்பாள். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா குளியலறையிலும் ஒன்று இருந்தது.

சனிக்கிழமை பிற்பகலில் சாப்பாட்டு மேசை ஆட்டத்துக்குப் போய்விடும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம் அது. ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். சந்தேகம் வந்தால் விதிப்புத்தகம் தீர்க்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் சந்தேகமே விதிப்புத்தகத்தில்தான் ஆரம்பித்தது.

கதையை நடத்தியது மாமா, அம்மாவின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆட வந்தவர்கள் தெருமுனை பேக்கரிக்காரரும் அம்மாவுக்குப் பல் பிடுங்கிய பல் டாக்டரும். பிடுங்கிய பல்லைவிட நட்பு நீடித்தது. பேக்கரிக்காரர் ஒரு மல்லன், பல் டாக்டர் ஒரு மூலிகைக்காரி. அம்மாவின் பாத்திரம் எங்கே போனாலும் ஏணி தூக்கிக்கொண்டு போகும் ஒரு திருடி. ஏணிக்காரி என்று பெயர்.

அம்மாவுக்கு அவர்கள் வைத்த பெயர் வக்கீலம்மா. காரணம் உண்டு. அசையாமல் உட்கார்ந்திருந்தால் காயம் ஆறும் என்று ஒரு விதி. ஒருமுறை ஏணிக்காரிக்கு உடம்பெல்லாம் வெட்டு. குதிரை வண்டியில் தப்பி ஓடுகிறார்கள், பின்னால் ஒரு படையே துரத்துகிறது.

"நான் உக்காந்திருக்கேன். காயம் ஆறட்டும்" என்றாள் அம்மா.

"அக்கா, உன்னைத் துரத்துறாங்க!"

"துரத்தட்டும். வண்டிதானே ஓடுது. நான் அசையலையே."

"அது ஓய்வுக்கான விதிக்கா. ஓய்வுன்னா என்னன்னு ஊருக்கே தெரியும்."

"ஊரு புத்தகம் எழுதலைடா. எழுதியிருக்கிறதைப் படி."

மாமா தலையில் கை வைத்தார். காயம் ஆறியது. "இந்த அம்மாவுக்கு இடத்தைக் கொடுத்தா மேசையையே தூக்கிட்டுப் போயிடும்" என்றார் பேக்கரிக்காரர்.

அம்மா வேலையிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். படிக்கும் காலத்தில் ஒருமுறை அவளோடு ஒரு புது அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் அடிக்க ஒரு மணி. அது வெளியே கேட்க வேண்டும் என்பது விதி. அடித்துப் பார்த்தாள். கேட்டது, மொட்டை மாடியில்.

கட்டடக்காரர் சிரித்தார். "வெளியே கேக்கணும்னுதானே மேடம் இருக்கு? மொட்டை மாடி வெளிதானே?"

"மாட்டிக்கிட்டவரை யாரு வந்து இறக்குவாங்க? காக்காவா?"

கையெழுத்துப் போடவில்லை. கீழே, ஆள் இருக்கும் இடத்தில் மணியை மாட்டிய பிறகுதான் போட்டாள். திரும்பும்போது கேட்டேன், சனிக்கிழமை மட்டும் ஏன் அந்த அழிச்சாட்டியம் என்று.

"லிஃப்ட் விழுந்தா ஆளு போயிடும். அங்க விதி விழுந்தா உங்க மாமா மூஞ்சி தொங்கும். அவ்வளவுதானே" என்றாள்.

அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மாற்றுவதற்கு நாள் குறித்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்தது. அவள் அதன்பின் கண் விழிக்கவேயில்லை. நான் தண்ணீர் பம்புகளுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுகிறவள். வால்வு எனக்குத் தெரிந்த பொருள். அந்த அறிவு எதற்கும் உதவவில்லை.

சில வாரங்கள் கழித்து மாமா கூப்பிட்டார். "ஆட்டம் பாதியில நிக்குதும்மா. அக்கா இடத்துல நீ உக்காந்து ஒரு தடவை ஆடிக் கொடுத்துடு. முடிச்சுடலாம்."

சரி என்றேன். பாதியில் நிற்கும் எதையும் முறையாக நிறுத்த வேண்டும் என்பது என் தொழில் பழக்கம். அம்மாவின் பகடைகளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். கண்ணாடி துடைக்கும் துணிமேல் விதிப்புத்தகம் இருந்தது. பேக்கரிக்காரர் பன் கொண்டுவந்திருந்தார். யாரும் தொடவில்லை.

நிலைமையைப் பல் டாக்டர் சொன்னார். சுரங்கத்தில் வெள்ளம். வெளியேற ஒரே வழி, மேலிருந்து இறங்கும் ஓர் இரும்புக் கதவு. அதைத் தூக்கி நிறுத்தும் எதிர்ப்பாரம் அறுந்துவிட்டது. யாராவது சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கதவு மேலே நிற்கும். பிடிப்பவர் வெளியேற முடியாது. கடைசி ஆட்டத்தில் ஏணிக்காரி சங்கிலியைப் பிடித்தாள்.

"நீ பகடை உருட்டணும். ரெண்டும் ஆறு விழுந்தா தப்பிச்சுடலாம். இல்லைன்னா..." என்று நிறுத்தினார்.

"இல்லைன்னா முழுகிடுவா" என்றேன்.

மாமா புத்தகத்தைத் திறந்தார். "உருட்ட வேணாம். இதைக் கேளுங்க. மேசைக்கு வராத ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு அந்த அமர்வில் எந்தத் தீங்கும் நேராது."

"ஐயோ, அது காய்ச்சல்காரங்களுக்கு எழுதின விதி! ஒரு வாரம் வராதவங்க பாத்திரத்தைக் கொன்னுடக் கூடாதுன்னு" என்றார் பல் டாக்டர். "நீங்கதான் ஆயிரம் தடவை சொல்வீங்களே, எழுதினவன் மனசைப் பாருன்னு."

"எழுதியிருக்கிறதைப் படிங்க."

அது அம்மாவின் வாக்கியம். மாமா வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை.

"அப்போ அவங்க அங்கயே நிக்கிறதா? இருட்டுல, தண்ணிக்குள்ள? எப்பவுமா?" என்றார் பேக்கரிக்காரர். "உருட்டி முடிச்சுடறதுதான் மரியாதை. ஏதோ எனக்குத் தோணுது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பகடையைக் கையில் எடுத்தேன். அம்மாவுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து உருட்டினால் ஏணிக்காரியின் ஆட்டக்காரர் வந்துவிட்டதாக ஆகும். விதி விலகும். ஒரு நிமிட வேலை. முந்தைய நிலையைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பொத்தானையும் அழுத்த மாட்டேன் என்பதால் ஒன்று கேட்டேன்.

"அன்னைக்கு அவ்வளவு முக்கியமான இடத்துல ஆட்டத்தை ஏன் நிறுத்தினீங்க?"

"நான் எங்க நிறுத்தினேன்? நான் பகடையை நீட்டினேன். அக்காதான் தலைவலி, இதோட போதும்னா."

"அம்மாவுக்கா? ஆட்டத்துலயா?"

நூறு டிகிரி காய்ச்சலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஆடியவள் அவள்.

"கிளம்பறப்போ ஒண்ணு சொன்னாங்க" என்றார் பேக்கரிக்காரர் மெதுவாக. "அடுத்த வாரம் நான் ஆஸ்பத்திரியில இருப்பேன், ஆனா நீங்க ஆடணும், கண்டிப்பா ஆடணும்னு. நாங்க எங்க ஆடினோம்? ஆஸ்பத்திரி வராந்தாவுலல்ல உக்காந்திருந்தோம்."

முதலில் புரிந்தது பல் டாக்டருக்கு. "அடிக் கள்ளி!" என்றார்.

சங்கிலியைப் பிடித்துவிட்டு, பகடை உருளும் முன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அடுத்த அமர்வுக்கு வராமல் இருந்தால் தீங்கு நேராது. கதவும் மேலே நிற்கும். மற்றவர்கள் வெளியேறுவார்கள். மருத்துவமனையில் குறித்த நாளை அவள் ஆட்டத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறாள். பேக்கரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.

அம்மாவின் திட்டத்தில் இரண்டாவது பகுதி ஒன்றும் இருந்திருக்கும். குணமாகி வந்து, மேசையைத் தட்டி, மாமாவின் மூஞ்சி தொங்குவதைப் பார்ப்பது. அது நடக்காது. முதல் பகுதி இன்னும் நடக்கலாம்.

அம்மாவின் பகடைகளை வைத்துவிட்டு எழுந்தேன். சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துக்கொண்டு பேக்கரிக்காரருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

"ஏணிக்காரியை நான் ஆடலை, மாமா. அவளோட ஆள் வரலை. எனக்கு வேற பாத்திரம் கொடுங்க."

மாமா பல் டாக்டரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கி ஒரு பன்னை எடுத்தார். "சரி, மல்லனும் மூலிகைக்காரியும் கதவுக்கு அடியில புகுந்து வெளியே போறாங்க" என்றார் வாயில் பன்னோடு.

"கதவு?" என்றார் பேக்கரிக்காரர்.

"ஏணிக்காரி பிடிச்சிட்டிருக்கா" என்றார் மாமா.

பிறகு என் பக்கம் திரும்பி ஒரு வெற்றுத் தாளை எடுத்தார். "நீ வெளியில அவங்களுக்காகக் காத்திருந்த ஆள்னு வெச்சுக்கலாம். கையில என்ன வெச்சிருக்கே? ஏணியா?"

"கயிறு. உள்ளே இன்னும் ஒருத்தி நிக்கிறாளே."

"எவ்வளவு எடை தாங்கும்?"

"புத்தகத்துல என்ன எழுதியிருக்கு?"

மாமா பக்கத்தைப் புரட்டித் தேடினார்.