பதினோரு காலைச் செய்திகள்

பைசாந்து ஆற்றுத் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய வால்டெமார், ஓய்வு பெற்ற பிறகு எங்கள் நூலகத்தில் நான் எடுக்கும் வகுப்புக்கு, பைதான் என்ற கணினி மொழி கற்க வந்தார். வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போய், மாத்தே என்ற மூலிகைத் தேநீரைத் தனியாக உறிஞ்சுவார். பக்கத்தில் இருப்பவருக்குக் கிண்ணத்தை நீட்டாமல் குடிக்கிறவருக்கு எங்கள் ஊரில் உம்மணாமூஞ்சி என்று பெயர். எனக்கும் அவரைப் பார்த்தால் எரிச்சல்தான்.

எதற்காக வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மனைவி நீபியாவுக்குப் புற்றுநோய் என்பதை மகளிடம் மறைத்திருக்கிறார். மகளுக்குப் பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம் என்று நீபியாவே கேட்டுக்கொண்டாளாம். மகள் ஃபியோரெல்லா வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவள் தலைநகர் மொண்டெவிதேயோவில் இருக்கிறாள், ஐந்து மணி நேர பஸ் தூரம். மூன்று வருடமாகப் பேச்சில்லை. செய்தி எழுதுவாராம், அனுப்பத்தான் கை வராதாம். அதனால் தினமும் காலை ஏழு மணிக்குத் தானாகவே ஒரு செய்தி அவளுக்குப் போக ஒரு புரோகிராம் வேண்டும். அவருடைய படிப்பே அவ்வளவுதான்.

எழுதியும் விட்டார். ஏழு மணிக்கு எழுந்து திரை முன்னால் உட்காருவார். வாசகம் வந்து விழும். பதினோரு நாள் ஆகியும் மகளிடமிருந்து பதில் இல்லை.

பதினோராம் நாள் வகுப்பில், அவள் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டு ஓட்டச் சொன்னேன். அவர் திரையில் சமத்தாக வந்தது: 'கண்ணு, ஆத்துல தண்ணி ஏறியிருக்கு. அம்மா வெச்ச எலுமிச்சை பூத்துருச்சு.' என் கைபேசிக்கு வந்ததோ ஒரே சொல்: 'None'. பைதானில் அதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

வாசகத்தைத் தயாரிக்கும் ஃபங்ஷன் என்ற பகுதியின் கடைசி வரியில் பிரிண்ட் என்று போட்டிருந்தார். பிரிண்ட் வாசகத்தைத் திரையில் காட்டும், அதோடு சரி. செய்தி அனுப்புகிற வரி வாசகத்தைக் கேட்டுக் கை நீட்டும்போது, அதை எடுத்துக் கொடுப்பது ரிட்டர்ன் என்ற சொல்தான்; அது இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்றே போகும். வகுப்பில் பாதிப் பேர் செய்கிற தப்பு, நான் தொண்டை வறளக் கத்துகிற தப்பு. அன்றைக்கு என்னால் கத்த முடியவில்லை.

"பதினோரு நாளும் அவளுக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு அனுப்பியிருக்கேனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாவம் பிள்ள. அதுக்கு என்னன்னு பதில் போடும்?"

முதல் தடவையாக மாத்தேக் கிண்ணத்தை நிரப்பி என்னிடம் நீட்டினார்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினார். மறுநாள் காலை வாசகம் முழுசாகப் போனது. அடுத்தடுத்த நாட்களும் போனது. படித்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறிகூட விழுந்ததாம். பதில் மட்டும் வரவில்லை.

பத்து நாள் கழித்து, வகுப்பு கலைந்த பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். கடைசி வரியில் மறுபடியும் பிரிண்ட். தெரியாமல் போட்டுவிட்டார் என்று நினைத்துத் திருத்தப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் டீச்சர். தப்பு என் புரோகிராம்லன்னு நெனச்சா, காலைல எந்திரிக்கவாவது முடியுது."