ஒரு தாளின் கனம் தள்ளும் இயந்திரமும் என் தம்பியின் வழக்கும்

இந்த ஊர் ரயிலில் சில இருக்கைகளுக்கு மேல் ஒரு சின்னச் சீட்டைச் செருகியிருப்பார்கள். 'ரிசர்வியர்ட்', அதாவது முன்பதிவானது என்று எழுதியிருக்கும். கூட்டம் நெரித்தாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். சீட்டு உட்கார்ந்திருக்கும், மனிதர்கள் நிற்பார்கள். ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருஷமாகியும் எனக்கு இது பிடிபடவில்லை. ஒருநாள் என்னோடு வேலை செய்யும் கிளவுஸிடம், எங்கள் பக்கத்தில் ரிசர்வேஷன் கேட்டுப் பெரிய போராட்டம் நடந்தது, சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டார்கள் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு குறைவாகவா ரயில் ஓடுகிறது?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். கேட்டது ரயிலில் அல்ல, படிப்பிலும் வேலையிலும். நான் பொறியியல் படித்த இடமே அப்படி ஒரு பங்கில் வந்ததுதான் என்று விளக்கும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். இந்தக் காரியத்தில் நான் கொஞ்சம் கோழை.

செயற்கைக்கோள்களை நகர்த்தும் மின்சார உந்திகளைச் சோதிப்பது என் வேலை. இவற்றில் பல ஜாதி உண்டு. எழுதியபிறகு கை கூசுகிறது, வகை என்றே சொல்கிறேன். ஒரு வகை, கம்பிச்சுருளைச் சூடாக்கி அதன்மேல் வாயுவை விட்டுப் பீய்ச்சும். இன்னொன்று வெல்டிங் பொறி மாதிரியான மின்வில்லுக்குள் வாயுவை நுழைக்கும். ரஷ்யர்களுடையது வளைய வடிவ வாய்க்குள் காந்தத்தால் எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு அயனிகளைத் துரத்தும். எங்களுடையது செனான் வாயுவை அயனியாக்கி, சல்லடை போலத் துளையிட்ட தகடுகள் வழியே வெளியே விரட்டும். விரட்டினால் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு குழல், போகிற அயனிகளோடு எலெக்ட்ரான்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் செயற்கைக்கோளில் எதிர்மின்னூட்டம் சேர்ந்து, விரட்டியதையே திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அது தள்ளுவது ஒரு தாளின் கனம்தான். ஆனால் மாதக்கணக்கில் நிறுத்தாமல் தள்ளும், வேகம் மெல்லச் சேரும். எங்கள் ஊர் மணலூர்பேட்டையின் உரக்கடைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு இதை என் தம்பி சேகரிடம் சொன்னேன். "இன்னாண்ணா இது, ஒரு காயிதம் கனம் தள்றதுக்கா அவ்ளோ தூரம் போன? இங்க இருந்தா நானே தள்ளுவனே" என்றான். அவன் தள்ளித்தான் நான் இங்கே வந்தேன்.

நான் புறப்பட்ட நாளில்தான் அந்தப் போராட்டம், பஸ் இல்லை. திருக்கோவிலூர் போகும் சாலையில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. சேகர் துண்டைச் சும்மாடு கட்டி என் இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தான். ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்கி இருவர் கையிலும் சிராய்ப்பு. சாலையோரம் நின்றவர்களிடம், "எங்கண்ணன் வெளிநாடு போவுதுங்க, கொஞ்சம் வழி வுடுங்க" என்று அவன்தான் கும்பிட்டான். அவர்களும் வழி விட்டார்கள். திருக்கோவிலூரில் ஒரு லாரியில் என்னை ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினான். வழியில் போலீஸ் பிடித்தது. கையில் சிராய்ப்பு, துண்டில் புளிய இலை. காலையில் மரம் வெட்டியதாக வழக்கு. அந்தக் காலை முழுவதும் அவன் தலையில் என் பெட்டி இருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி நான்.

இரண்டு வருஷம் இழுத்த வழக்கு இந்தக் குளிர்காலத்தில் விசாரணைக்கு வந்தது. அதற்குள் சேகருக்கு அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலைக்கு ஆணை வந்துவிட்டது. குற்றமில்லை என்று தீர்ப்பானால்தான் சேர முடியும். "ஒரு நாளு வந்து நின்னு சொல்லிட்டுப் போண்ணா" என்றான். அவன் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

அப்போதுதான் எங்கள் உந்தியின் நீண்ட ஓட்டம் தொடங்கியிருந்தது. வெற்றிடத் தொட்டிக்குள் அது ஐந்து மாதம் நிற்காமல் ஓட வேண்டும். மூன்று பேர் முறைபோட்டுக் காவல். ஆய்வகத் தலைவரான பேராசிரியரிடம் விடுப்புக் கேட்டேன். "மரம் வெட்டவில்லை என்று சொல்லவா அவ்வளவு தூரம்? கடிதம் எழுதுங்கள், கையெழுத்து இருந்தால் போதும்" என்றார். நடுவில் போனால் வேறு ஆள் வருவார், என் வேலை ஒப்பந்தம் அவர் பெயருக்கு மாறும் என்பதையும் கனிவாகவே சொன்னார். கனிவாகச் சொன்னதால் எனக்குச் சண்டை போடவும் வரவில்லை. நோட்டரியிடம் போய் நாலு பக்கம் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன். இந்த நாட்டில் முத்திரை குத்திய தாளுக்கு இருக்கும் மரியாதை அங்கேயும் இருக்கும் என்று நம்பினேன். நம்பினேன் என்பதும் பொய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வக்கீல் சேகரிடம் சொன்னாராம்: "காயிதத்த கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ண முடியாதுப்பா. ஆளு வரணும்."

போன வாரம் சேகரின் கடிதம் வந்தது. பேசுவது போலவே எழுதுவான்.

"அண்ணா, நீ கவலப்படாத. ரெண்டு வாய்தா பாத்தேன். சாட்சி இல்லாம நடத்துனா ஜெயிலுக்கே போவணும், ஒத்துக்கினா சின்னதா முடிச்சுடலாம்னாரு வக்கீலு. நான்தான் வெட்னேன்னு ஒத்துக்கினேன். கோர்ட்டு கலையிற வரைக்கும் ஒக்காருன்னாங்க, அதான் தண்டனையாம். சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில ஒக்காந்துக்கினு இருந்தேன், வுட்டுட்டாங்க. வேல போனா போவுது. ஒன்னு கேட்டாங்க, கூட யாரு இருந்தாங்கன்னு. யாரும் இல்ல, நான் மட்டும்தான் இருந்தேன்னு சொல்லிட்டேன். நீ இருந்தன்னு சொன்னா மரம் வெட்டுன கேசு ஒன் மேலயும் வரும். பாஸ்போர்ட்டுக்கு ஆவாது பாரு."

கடிதத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். கண்ணாடிச் சாளரத்துக்குள் நீல ஒளி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. "வீட்டில் எல்லோரும் நலமா?" என்று கிளவுஸ் கேட்டான். "குட்" என்றேன். பதிவேட்டில் அந்த மணிக்குரிய அளவுகளை எழுதிக் கையெழுத்திட்டேன்.

இந்த ஆய்வகத்தில் மணிக்கு மணி என் பெயர் இருக்கிறது. திருக்கோவிலூர் நீதிமன்றக் கோப்பில், அந்தக் காலையில் அந்தச் சாலையில் நான் இல்லை என்று என் தம்பியின் கையெழுத்தோடு இருக்கிறது. அந்தச் சாலையைத் தவிர இங்கே வந்து சேர எனக்கு வேறு சாலை கிடையாது.