டயர் லாரியை மறித்த அன்று

போலகத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஆலையில், விறகுக்குப் பதிலாகப் பழைய டயர்களைப் போட்டு பாய்லர் எரிக்கிறார்கள். அந்தப் புகையில் கொடியில் காயும் துணியெல்லாம் கரி படியும். என் கணவருக்கு இழுப்பு வந்துவிடும். எத்தனையோ முறை புகார் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் ஒரு நாள் காலை, பெண்கள் எல்லோரும் சேர்ந்து டயர் ஏற்றி வந்த லாரிக்கு முன்னால் சாலையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில், ஊர்ப் பக்கமிருந்து வந்த ஆட்டோ ஒன்று எங்களுக்குப் பின்னால் விடாமல் ஹாரன் அடித்தது.

"யாரா இருந்தாலும் சுத்திப் போங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டேன்.

"ஸ்டெல்லாக்கா, உள்ள இருக்கறது உங்க வீட்டுக்காரருங்க" என்றார் ஆட்டோக்காரர்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழுந்துவிட்டோம். ஆனால் குறுகலான அந்தச் சாலையை லாரி அடைத்துக்கொண்டு நின்றது. லாரி டிரைவர் ஏறி உட்கார்ந்து, வண்டியை அப்படியே வயலுக்குள் இறக்கினார். சக்கரம் சேற்றில் புதைந்தது. ஆட்டோ போக வழி கிடைத்தது.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானதும் கணவர் கேட்ட முதல் கேள்வி, "லாரிய உள்ள விட்டுட்டீங்களா?"

"இல்லைங்க, சேத்துல நிக்கிது."

டயர் லாரியை இப்போதும் மறிக்கிறோம். ஆனால் சாலையில் உட்காருவதில்லை. ஆலை வாசலில்தான் நிற்கிறோம். மற்ற வண்டிகளுக்கு வழி ஒதுக்கிவிட ஒருத்தி தனியாக நிற்பாள். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

- ஸ்டெல்லா, போலகம்